வீட்டுப் பட்டறைக்கு ஒரு தச்சுமேசை: அளவு முதல் எண்ணெய்ப் பூச்சு வரை

தரையில் அமர்ந்து, பாதத்தால் பலகையை அழுத்திப் பிடித்தபடி இழைத்தும் உளியடித்தும் வந்த நம் ஊர்த் தச்சர்களுக்கு உடம்பே பிடியாக இருந்தது. நின்று வேலை செய்பவருக்கு அந்தப் பிடியை மேசைதான் கொடுத்தாக வேண்டும். ஆகவே, மரத்தைச் சீவிச் சமமாக்கும் இழைப்புளியைத் தள்ளும்போது அசையாமல் நிற்கிறதா, பலகையை மேற்பரப்பிலும் முகப்பிலும் இறுக்க இடம் தருகிறதா என்ற இரண்டு கேள்விகளை வைத்தே இதன் ஒவ்வொரு அளவையும் தீர்மானிக்க வேண்டும்.

முதலில் உயரம். வேலைக்குப் போடும் செருப்புடன் நிமிர்ந்து நின்று, கையைத் தொங்கவிட்டு, மணிக்கட்டு மடிப்பு தரையிலிருந்து எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்று அளந்துகொள்ளுங்கள். கையால் இழைப்பதே பெரும்பகுதி வேலை என்றால் அதற்கு ஓரிரு அங்குலம் தாழ்வாக வைப்பது நல்லது. அப்போதுதான் தோளின் பலத்தோடு உடல் எடையும் இழைப்புளியில் இறங்கும். இங்கே 34 அங்குல உயரம், 60 அங்குல நீளம், ஏறத்தாழ 24 அங்குல அகலம் என்று வைத்துக்கொள்கிறேன். உயரத்தை மட்டும் உங்கள் உடலுக்கேற்ப மாற்றிக்கொள்ளுங்கள்.

கால்களுக்கு 3×3 அங்குலமும் சட்டங்களுக்கு 4×2 அங்குலமுமாக நன்கு காய்ந்த வேப்பமரம் போதும். தேக்குக்குச் செலவழிக்கத் தேவையில்லை. தைலமரம் காயும்போது முறுக்கிக்கொள்ளும் என்பதால் அதைத் தவிர்த்துவிடுங்கள். மரவாடியில் வாங்கும்போது வெள்ளை (வெளிறிய வெளிப்பகுதி) குறைந்து, வைரம் (கெட்டியான உட்பகுதி) பாய்ந்த துண்டுகளாகப் பார்த்து எடுங்கள், ஏனெனில் வண்டு முதலில் துளைப்பது வெள்ளைப் பகுதியைத்தான். மரம் ஈரமாக இருந்தால், இடையிடையே சிறு குச்சிகள் வைத்து நிழலில் அடுக்கி, காய்ந்த பிறகே வேலையைத் தொடங்க வேண்டும்.

மேற்பலகைக்கு 8×4 அடி, 18 மி.மீ. பிளைவுட் ஒன்று வாங்குங்கள். அதில் 60 அங்குல நீளத்தில் இரண்டு துண்டுகள் கிடைக்கும். ரம்பம் தின்னும் இடம் போக ஒவ்வொன்றின் அகலமும் 23¾ அங்குலம் இருக்கும். மீதியில் கீழ்த்தட்டு ஒன்றும் சில பட்டைகளும் வரும், அவற்றை எறிந்துவிடாதீர்கள். பிளைவுட்டைச் சொல்வதற்குக் காரணம், அது பருவத்துக்குப் பருவம் அகலத்தில் சுருங்கி விரிவதில்லை என்பதே.

மேசையின் உறுதி முழுவதும் கால்கூட்டில்தான் இருக்கிறது. கால்களை 32½ அங்குலத்துக்கு அறுத்து, முன்கால் ஒன்றையும் பின்கால் ஒன்றையும் இரண்டு குட்டைச் சட்டங்களால் இணைத்து, இப்படி இரண்டு கூடுகள் செய்யுங்கள். காலில் 2 அங்குல ஆழத் துளையும், சட்டத்தின் முனையில் அதற்குள் இறங்கும் 1 அங்குலக் கனக் கழுந்தும் வெட்டிப் பசையிட்டுக் கிளாம்பால் இறுக்குங்கள். கழுந்தைக் கை அழுத்தத்தில் முக்கால்வாசி இறக்கி, மீதியைக் கொட்டாப்புளியின் (மரச்சுத்தியலின்) இரண்டு மூன்று தட்டில் இறக்க முடிந்தால் பொருத்தம் சரி. ஓங்கி அடித்தால்தான் இறங்கும் என்றால் கால் பிளந்துவிடும். பசை காயும் முன்பே இரு மூலைவிட்டங்களையும் அளந்து, அவை சமமாக வரும்வரை கிளாம்பைச் சரித்து நேராக்குங்கள்.

இரண்டு கூடுகளையும் சேர்க்கும் நீளச் சட்டங்கள் நான்குக்கும் பசை வேண்டாம், 3/8 அங்குல போல்ட்டுகள் போதும். வீடு மாறும்போது கழற்றி எடுத்துப் போகலாம், ஆடத் தொடங்கினால் மறுபடி முடுக்கலாம். காலை ஊடுருவி வரும் போல்ட், சட்டத்தின் முனைக்குள் நுழைந்து, உட்புறம் வெட்டிய சிறு குழியில் வாஷருடனும் நட்டுடனும் முடிய வேண்டும். சட்டம் சுழலாமலிருக்க அதன் முனையில் அரை அங்குலக் குட்டைக் கழுந்து விடுங்கள். நீளச் சட்டம் மேலும் குட்டைச் சட்டம் அதற்கு நேர் கீழுமாக அமைத்தால் போல்ட்டும் கழுந்தும் மோதிக்கொள்ளா. முன்பக்க நீளச் சட்டங்களும் காலின் முகமும் மேற்பலகையின் விளிம்பும் ஒரே தளத்தில் இருக்கட்டும். நீண்ட பலகையின் ஓரத்தை இழைக்கும்போது அதை இந்த முகப்பில்தான் சாய்த்துக் கட்டப்போகிறீர்கள்.

பிளைவுட் துண்டுகள் இரண்டையும் முழுப்பரப்பிலும் பசை தடவி ஒட்டி, அடிப்பக்கத்திலிருந்தே திருகாணி போடுங்கள். உளி படும் மேற்பரப்பில் ஆணித்தலை எதுவும் இருக்கக்கூடாது. பிறகு நீளச் சட்டங்களின் உட்புறம் 1½ அங்குலக் கட்டைகளைப் பொருத்தி, அவற்றின் வழியாக 2½ அங்குலத் திருகாணிகளால் மேற்பலகையைப் பிடிக்கச் செய்யுங்கள். இடப்பக்கம் 10 அங்குலமும் வலப்பக்கம் 4 அங்குலமும் பலகை நீட்டிக்கொண்டிருக்க வேண்டும். வலக்கைக்காரருக்கு, பலகையை இறுக்கிப் பிடிக்கும் வைஸ் அந்த இடப்பக்கத்தில், காலை ஒட்டி அமையும். வைஸின் இரும்புத் தாடைகளை மேற்பரப்பிலிருந்து அரை அங்குலம் தாழ்த்தி, மரத்தாடைகளால் மூடினால் இழைப்புளியின் அலகு இரும்பில் படாது. மேலிருந்து அழுத்திப் பிடிக்கும் கொக்கிகளுக்கான 3/4 அங்குலத் துளைகள் போடும் இடங்களில், மிஞ்சிய பிளைவுட் பட்டையை அடியில் ஒட்டிக் கனத்தை 54 மி.மீ. ஆக்குங்கள், கனம் குறைந்த பலகையில் கொக்கி நழுவும்.

மேற்பரப்புக்கு வார்னிஷ் வேண்டாம், வழுக்கும். ஆளிவிதை எண்ணெயைத் துணியால் தடவி, கால்மணி நேரம் கழித்துத் துடைத்தால் போதும். துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் போடாதீர்கள். அந்த எண்ணெய் காயும்போது எழும் சூட்டில் சுருண்ட துணி தானாகவே தீப்பற்றக்கூடும் என்பதால், வெளியே விரித்துக் காயவிட்ட பிறகே குப்பையில் சேருங்கள்.