அமெரிக்க உள்நாட்டுப் போர்ப் படைகள்: யார் யாருக்குக் கீழே என்பதில் நேரும் தவறுகள்

1861 முதல் 1865 வரை ‘வடக்கு’ எனப்படும் ஒன்றிய அரசுக்கும் ‘தெற்கு’ எனப்படும் பிரிந்துபோன மாநிலங்களுக்கும் நடந்த அமெரிக்க உள்நாட்டுப் போரைப் பற்றித் தமிழில் எழுதுபவர்கள் சண்டையின் போக்கைப் பெரும்பாலும் சரியாகவே சொல்லிவிடுகிறார்கள். சறுக்குவது படையமைப்பில்தான். ரெஜிமென்ட், பிரிகேட், டிவிஷன், கோர் (ஒன்றைவிட அடுத்தது பெரியது; கோர்கள் சேர்ந்தது சேனை) எல்லாமே ‘படைப்பிரிவு’ ஆகிவிட, 300 பேர் நின்ற இடத்தில் 10,000 பேர் நின்றதாகப் படிப்பவர் நினைத்துக்கொள்கிறார். இந்த நான்கையும் அப்படியே ஒலிபெயர்த்து எழுதுவதுதான் நல்லது. அதைவிடப் பெரிய சிக்கல் இன்னொன்று: ஒருவருடைய பட்டம், அவர் பார்த்த பொறுப்பு, அன்றைக்கு அவர் சொல்லுக்கு யார் கட்டுப்பட்டார்கள் என்பது, இந்த மூன்றும் இந்தப் போரில் பல நேரம் ஒத்துப்போகவில்லை.

காகிதக் கணக்கை நம்புவது

வடக்கின் தன்னார்வலர் காலாட்படையில் ஒரு கம்பெனிக்கு ஒரு கேப்டன், இரண்டு லெப்டினன்ட், ஐந்து சார்ஜென்ட், எட்டு கார்ப்பரல், இரண்டு வாத்தியக்காரர், ஒரு வண்டிக்காரர், 64 முதல் 82 சிப்பாய்கள். ஆக, 83 முதல் 101 பேர். பத்து கம்பெனி சேர்ந்தால் ஒரு ரெஜிமென்ட். அதன் தலைவர் கர்னல். கம்பெனிகளுக்கு ஏ முதல் கே வரை எழுத்து. நடுவில் ‘ஜே’ கிடையாது. கையெழுத்தில் ஐயும் ஜேயும் ஒன்றுபோலத் தெரியும் என்பது வழக்கமாகச் சொல்லப்படும் காரணம். ஒரு கட்டுரையில் ‘ஜே கம்பெனி’ என்று வந்தால் அங்கேயே நிறுத்திச் சரிபார்க்க வேண்டும்.

இதை வைத்து ரெஜிமென்டுக்கு 1,000 பேர் என்று பெருக்குவதுதான் அடிக்கடி நடக்கும் பிழை. 1863 ஜூலையில் கெட்டிஸ்பர்க்கில் லிட்டில் ரவுண்ட் டாப் மேட்டைக் காத்த 20ஆவது மெய்ன் ரெஜிமென்டில் 400 பேர்கூட இல்லை. அது விதிவிலக்கும் அல்ல. அன்று களத்தில் இருந்த பல ரெஜிமென்டுகளின் நிலை அதுதான். நோய் தின்றது ஒரு பக்கம். போரில் குண்டடிபட்டுச் செத்தவர்களைவிட நோயில் செத்தவர்களே அதிகம். வண்டி ஓட்டவும் மருத்துவமனை வேலைக்கும் காவலுக்கும் பிரித்து அனுப்பப்பட்டவர்கள் இன்னொரு பக்கம். இவற்றுக்கு மேல், மாநில ஆளுநர்கள் பழைய ரெஜிமென்டுகளுக்கு ஆள் நிரப்பாமல் புதிது புதிதாக ரெஜிமென்ட் திரட்டினார்கள். புது ரெஜிமென்ட் என்றால் கர்னல் முதல் லெப்டினன்ட் வரை வேண்டியவர்களுக்குப் பதவி கொடுக்கலாமே! இதில் விஸ்கான்சின் மாநிலம் வேறு வழியில் போனது. பழைய ரெஜிமென்டுகளுக்கே ஆள் அனுப்பியதால் அதன் ரெஜிமென்டுகள் மற்றவற்றைவிடப் பெரிதாக இருந்தன.

எதிர்த்திசையிலும் ஏமாறலாம். வாஷிங்டன் கோட்டைகளில் இருந்த கன பீரங்கி ரெஜிமென்டுகளுக்குப் பன்னிரண்டு கம்பெனிகள், ஏறத்தாழ 1,800 பேர் வரை. 1864இல் வடக்கின் தலைமைத் தளபதி கிராண்ட், இந்த ரெஜிமென்டுகளைக் கோட்டையிலிருந்து இறக்கித் துப்பாக்கியோடு காலாட்படையாக நிறுத்தினார். 1864 ஜூன் 18 அன்று பீட்டர்ஸ்பர்க்கில் முதல் மெய்ன் கன பீரங்கி ரெஜிமென்ட் ஒரே தாக்குதலில் 600 பேருக்கு மேல் இழந்தது. பெயரைப் பார்த்து ‘பீரங்கிப் படை அழிந்தது’ என்று எழுதினால் முழுக்கத் தவறு. அங்கே அவர்கள் கையில் இருந்தது பீரங்கி அல்ல.

இரு தரப்பு எண்களை ஒப்பிடும்போது தலைப்பையும் பாருங்கள். வடக்கின் ‘பணிக்கு இருப்போர்’ பட்டியலில் அதிகாரிகளும் சண்டைக்குப் போகாத சிலரும் உண்டு. தெற்கின் ‘சண்டைக்கு ஆவோர்’ கணக்கில் பெரும்பாலும் அதிகாரிகளைச் சேர்க்கவில்லை. இரண்டையும் அப்படியே பக்கத்தில் வைத்தால் தெற்கு இருந்ததைவிடச் சிறிதாகத் தெரியும்.

கோருக்குக் கோர் சமம் என்று எண்ணுவது

கெட்டிஸ்பர்க்கில் வடக்குக்கு ஏழு காலாட்படைக் கோர்கள், தெற்குக்கு மூன்று. ஏழுக்கு மூன்று என்றதும் பெரிய இடைவெளி போலத் தோன்றும். ஆனால் தெற்கின் ஒரு கோரில் சுமார் 20,000 பேர். வடக்கின் கோர் பலவற்றில் அதில் பாதிதான். தெற்கின் டிவிஷன் வடக்கின் டிவிஷனைப்போல் ஏறக்குறைய இரண்டு மடங்கு. ஒரு தெற்கு டிவிஷன் தாக்கியது என்றால், வடக்கின் ஒரு சிறிய கோர் தாக்கியதாகக் கணக்கு வைத்துக்கொள்ளலாம்.

பெயரிடும் முறையும் வேறு. வடக்கில் எண்: இரண்டாவது கோர், மூன்றாவது டிவிஷன், முதல் பிரிகேட். தெற்கில் தளபதியின் பெயர், அதுவும் தளபதி இல்லாதபோதும் ஒட்டிக்கொண்டே வரும். ஜூலை 3 அன்று ‘ஹெத் டிவிஷன்’ முன்னேறியபோது ஹெத் காயம்பட்டுக் கிடந்தார், நடத்தியவர் பெட்டிக்ரூ. ‘பிக்கெட் தாக்குதல்’ என்று பெயர் பெற்ற அதே தாக்குதலில் முதலில் முன்னேறிய ஒன்பது பிரிகேடுகளில் டிவிஷன் தலைவர் பிக்கெட்டுக்குச் சொந்தமானவை மூன்றே. மற்ற ஆறும் ஏ. பி. ஹில்லின் கோரைச் சேர்ந்தவை. ஒட்டுமொத்தப் பொறுப்பு வேறொரு கோரின் தலைவரான லாங்ஸ்ட்ரீட்டிடம்.

ரெஜிமென்ட் எண்ணை மாநிலம் இல்லாமல் எழுதவே கூடாது. மாநிலம் மட்டும் போதாத இடமும் உண்டு. 1862 மே 23 அன்று ஃபிரண்ட் ராயலில் வடக்கின் முதல் மேரிலாண்டும் தெற்கின் முதல் மேரிலாண்டும் நேருக்கு நேர் மோதின. தமிழில் இன்னொரு கண்ணி: வடக்கு தன் சேனைகளுக்கு ஆறுகளின் பெயரையும் தெற்கு மாநிலங்களின் பெயரையும் வைத்தன. டென்னசி ஆறாகவும் இருக்கிறது, மாநிலமாகவும் இருக்கிறது. இரண்டுமே தமிழில் ‘டென்னசி சேனை’ ஆகிவிடும். 1864இல் அட்லான்டாவைச் சுற்றி இரண்டும் ஒன்றையொன்று சுட்டுக்கொண்டிருந்தன. ‘வடக்கின்’, ‘தெற்கின்’ என்ற அடைமொழியை ஒவ்வொரு முறையும் போடுவதைத் தவிர வேறு வழியில்லை.

பட்டத்தை வைத்துப் பொறுப்பை ஊகிப்பது

தெற்கில் ஏணி ஒழுங்காக இருந்தது. பிரிகேடுக்குப் பிரிகேடியர் ஜெனரல், டிவிஷனுக்கு மேஜர் ஜெனரல், கோருக்கு லெப்டினன்ட் ஜெனரல், சேனைக்கு ஜெனரல். வடக்கில் 1864 மார்ச்சில் கிராண்ட் லெப்டினன்ட் ஜெனரல் ஆகும்வரை களத்தில் மேஜர் ஜெனரலுக்கு மேல் பட்டமே இல்லை. டிவிஷன் தலைவர், கோர் தலைவர், சேனைத் தலைவர் மூவரும் மேஜர் ஜெனரல்களாக இருக்கலாம். யார் மூத்தவர் என்பதை நியமன உத்தரவின் தேதி தீர்மானித்தது.

இது வெறும் சம்பிரதாயச் சண்டை அல்ல. 1863 ஜூலை 1 அன்று வடக்கின் கோர் தலைவர் ரெனால்ட்ஸ் கொல்லப்பட்டதும், கெட்டிஸ்பர்க்கில் பொறுப்பேற்கும்படி சேனைத் தலைவர் மீட், இன்னொரு கோர் தலைவரான ஹான்காக்கை அனுப்பினார். அங்கே ஏற்கெனவே இருந்த கோர் தலைவர் ஹோவர்ட் தேதிப்படி மூத்தவர். இருவரும் மேட்டில் நின்று அதைப் பேசித் தீர்க்க வேண்டியிருந்தது. மறு ஆண்டு, பர்ன்சைட் மீடைவிட மூத்தவர் என்பதால் அவருடைய ஒன்பதாவது கோரை மீடின் கீழ் வைக்க முடியவில்லை. பக்கத்தில் நின்று போரிட்ட கோருக்கு கிராண்டிடமிருந்து தனியாக உத்தரவு போனது. மே 24 அன்றுதான் அது மீடின் சேனையில் சேர்க்கப்பட்டது. வில்டர்னஸ் சண்டையில் பர்ன்சைட் ஏன் தாமதமாக வந்தார் என்று எழுதும்போது இந்தச் சுற்றுவழியை விட்டுவிடக் கூடாது.

பிரிவெட் பட்டம் தனித் தலைவலி. அது மரியாதைப் பட்டம். வடக்கின் குதிரைப்படைத் தளபதி கஸ்டர் 1864 இறுதியில் பிரிவெட் மேஜர் ஜெனரல், தன்னார்வலர் படையில் பிரிகேடியர் ஜெனரல், நிரந்தர ராணுவத்தில் கேப்டன். மூன்றும் ஒரே நேரத்தில் உண்மை.

பீரங்கிகளுக்கு ஒரே தலைவர் என்று நினைப்பது

1863 ஜூலை 3 பிற்பகலில் கெட்டிஸ்பர்க்கில் தெற்கின் பீரங்கிகள் முழங்கியபோது வடக்கின் பீரங்கித் தலைவர் ஹன்ட் தன் பேட்டரிகளுக்கு (பீரங்கிக் குழுக்களுக்கு) சொன்னது: உடனே பதில் கொடுக்காதீர்கள், பிறகு நிதானமாகச் சுடுங்கள், காலாட்படை வரும்போது தொலைதூரக் குண்டு மிச்சம் இருக்க வேண்டும். வடக்கின் பேட்டரிக்குப் பெரும்பாலும் ஆறு பீரங்கி. பெட்டியில் இருக்கும் குண்டு வேகமாகச் சுட்டால் விரைவில் தீரும். ஆனால் இரண்டாவது கோரின் தலைவர் ஹான்காக், தன் காலாட்படையின் மனம் தளரக் கூடாது என்று தன் பேட்டரிகளைத் தொடர்ந்து சுடச் சொன்னார். பேட்டரித் தலைவர்கள் என்ன செய்வார்கள்? அந்த ஆண்டு மேயில்தான் பேட்டரிகள் ஒவ்வொரு கோருக்கும் ஒரு பீரங்கி பிரிகேடாகத் தொகுக்கப்பட்டிருந்தன. அந்த பிரிகேட் கோர் தலைவரின் கீழ். அவர்கள் சுட்டார்கள். வடக்கின் அதே வரிசையில் தென்பக்கமாக ரிசர்வ் பீரங்கிகளை வைத்திருந்த மெக்கில்வரி, தான் ஹான்காக்கின் கீழ் இல்லை என்று அடக்கியே வைத்தார். தெற்கின் காலாட்படை வந்தபோது இரண்டாவது கோரின் பேட்டரிகளிடம் சில நூறு கஜத்துக்கு மட்டும் பயன்படும் சிதறுகுண்டுதான் பெரும்பாலும் எஞ்சியிருந்தது. ‘ஹன்ட் எல்லாப் பீரங்கிகளையும் நடத்தினார்’ என்ற ஒற்றை வரி இந்த முழு விஷயத்தையும் மறைத்துவிடும்.

உச்சியில் யார் என்பதில் குழப்பம்

லீ தெற்கின் எல்லாப் படைகளுக்கும் தலைவர் என்று எழுதுவது பரவலான தவறு. 1862 ஜூன் முதல் அவர் வட வர்ஜீனியா சேனைக்கு மட்டுமே தலைவர். ஒட்டுமொத்தத் தலைமை 1865 தொடக்கத்தில்தான் வந்தது. ஏப்ரல் 9 அன்று அப்போமாட்டக்ஸில் அவர் ஒப்படைத்ததும் தன் சேனையை மட்டுமே. தெற்கின் மற்றத் தளபதிகளான ஜான்ஸ்டன் ஏப்ரல் 26 அன்றும், டெய்லர் மே 4 அன்றும் தனித்தனியாகச் சரணடைந்தார்கள். அதேபோல் 1864இல் கிராண்ட் வடக்கின் போட்டோமாக் சேனையோடு கூடாரம் அடித்திருந்தாலும் அதன் தலைவர் கடைசிவரை மீட்தான்.

விக்ஸ்பர்க்கில் இந்த உச்சிக் குழப்பம் ஒரு சேனையையே விழுங்கியது. ஊரைக் காத்த தெற்கின் தளபதி பெம்பர்டனுக்குத் தெற்கின் ஜனாதிபதி டேவிஸ் நேரடியாக ‘ஊரைப் பிடித்துக்கொள்’ என்றார். மேற்குப் பகுதிக்குப் பொறுப்பான ஜான்ஸ்டன் ‘வெளியே வந்து என்னோடு சேர்’ என்றார். இரண்டுக்கும் நடுவில் நின்ற பெம்பர்டன் 1863 ஜூலை 4 அன்று ஏறத்தாழ 29,500 பேரோடு சரணடைந்தார். அவரை மட்டும் குற்றவாளியாக்கும் கட்டுரைகள் இந்த இரட்டை உத்தரவைச் சொல்லாமல் போவது நியாயமல்ல.

தன் படைகள் எங்கெங்கே போக வேண்டும் என்று லீ எழுதி, 1862 செப்டம்பரில் தொலைந்த 191ஆம் உத்தரவிலும் இதே பிழை. தெற்கின் டிவிஷன் தலைவர் டி. எச். ஹில்லின் (ஏ. பி. ஹில் வேறொருவர்) அலட்சியத்தால் அது வடக்கின் கையில் சிக்கியது என்று எளிதாக எழுதிவிடுகிறார்கள். மேரிலாண்டுக்குள் நுழைந்தபோது ஹில்லின் டிவிஷன் தெற்கின் தளபதி ஜாக்சனின் கீழ் இருந்தது. அதனால் ஜாக்சன் தன் கையால் ஒரு பிரதி எழுதி அனுப்பினார். அதே உத்தரவு ஹில்லை ஜாக்சனிடமிருந்து பிரித்ததால், லீயின் தலைமையகமும் ஒரு பிரதி அனுப்பியது. ஹில்லுக்கு ஜாக்சனின் பிரதி வந்துசேர்ந்தது. அதை அவர் பத்திரமாக வைத்திருந்தார். செப்டம்பர் 13 அன்று ஃபிரடரிக் நகரருகே வடக்கின் 27ஆவது இண்டியானா வீரர்கள் கண்டெடுத்தது, மூன்று சுருட்டுகளைச் சுற்றியிருந்த மற்ற பிரதி.