'ரூல் ஆஃப் தம்ப்' எங்கிருந்து வந்தது? கதையைச் சரிபார்க்கும் வழி

'ரூல் ஆஃப் தம்ப்' (சொல்லுக்குச் சொல் 'கட்டைவிரல் விதி') என்ற ஆங்கிலத் தொடருக்குப் பொருள், துல்லியமாக அளக்காமல், அனுபவத்தை வைத்துப் போடும் உத்தேசக் கணக்கு. அரிசிக்கு மேல் இத்தனை விரற்கடை தண்ணீர் என்று வீட்டில் வைக்கிறோமே, அதுதான். என் ப்ளஸ் டூ மாணவர்களுக்குப் பொருளில் குழப்பமே இல்லை. குழப்பமெல்லாம் வாட்ஸ்அப்பில் சுற்றும் கதையால் வருகிறது: கட்டைவிரலைவிடத் தடிக்காத குச்சியால் மனைவியை அடிக்கலாம் என்று 1782இல் இங்கிலாந்து நீதிபதி ஃபிரான்சிஸ் புல்லர் சொன்னாராம், அதிலிருந்துதான் இந்தத் தொடர் வந்ததாம்.

இப்படி ஒரு கதை கையில் வந்தால், முதலில் அதிலுள்ள வருடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். வருடமே இல்லையென்றால் அப்போதே சந்தேகப்படலாம். அப்புறம் கூகுள் புக்ஸில் அந்தத் தொடரை மேற்கோள் குறிக்குள் போட்டு, அந்த வருடத்துக்கு முந்தைய நூல்களை மட்டும் தேடுங்கள். தளம் காட்டும் தேதியை அப்படியே நம்ப வேண்டாம், பல நூல்களுக்கு அது தப்பாக இருக்கிறது. தலைப்புப் பக்கத்தின் படத்தைத் திறந்து, அடியில் அச்சாகியிருக்கும் ஆண்டை உங்கள் கண்ணாலேயே படியுங்கள். பல நூல்களில் அது ரோமன் எண்ணில் இருக்கும். பழைய அச்சில் எஸ் எழுத்து எஃப் மாதிரி தெரியும். ஆகவே எஸ் உள்ள சொற்களை எஃப் போட்டும் ஒருமுறை தேடிவிடுங்கள். பெரிய ஆக்ஸ்ஃபோர்டு அகராதி கிடைத்தால் வேலை சுலபம், ஒவ்வொரு தொடருக்கும் பழைய சான்றுகளை வருடத்தோடு கொடுத்திருப்பார்கள்.

நம் தொடர் 1685லேயே அச்சில் இருக்கிறது. ஸ்காட்லாந்துப் போதகர் ஜேம்ஸ் டர்ஹாமின் பிரசங்கத் தொகுப்பில், அளவு பார்க்காமல் குத்துமதிப்பாகக் கட்டும் அறிவில்லாத கொத்தனார்களைப் பற்றி வருகிறது. 1692இல் வில்லியம் ஹோப்பின் வாள்வீச்சு நூலிலும், முறையான கலைக்கு எதிர்ப்பதமாக வருகிறது. இரண்டு இடத்திலும் மனைவியும் இல்லை, குச்சியும் இல்லை. புல்லர் கதைக்கு ஏறக்குறைய நூறு வருடம் முந்தையவை இவை.

அதற்காகக் கட்டைவிரல் குச்சி முழுக் கற்பனை என்றும் எழுதிவிடாதீர்கள். புல்லர் அப்படிச் சொன்னதற்குத் தீர்ப்பு எதுவும் இல்லை. ஆனால் அந்தப் பேச்சு பரவி, 1782லேயே ஜேம்ஸ் கில்ரே அவரைக் கேலிச்சித்திரமாக வரைந்தார். அமெரிக்க நீதிமன்றங்கள் வரை அந்த எண்ணம் போனது. 1874இல் வடக்கு கரோலினா உச்ச நீதிமன்றம், கட்டைவிரல் தடிமனுக்கு மிகாத குச்சியால் மனைவியை அடிக்கலாம் என்ற பழைய கொள்கை இங்கே சட்டமல்ல என்று சொல்ல வேண்டியிருந்தது. பெண்கள் பட்ட அடி நிஜம். தொடர் அதிலிருந்து பிறந்தது என்பதுதான் பொய். என் மாணவர்களை இரண்டையும் தனித்தனிப் பத்தியில், அதனதன் வருடத்தோடு எழுதச் சொல்கிறேன்.