சேலம், ஏற்காடு: பழைய கல்லறைத் தோட்டம் ஒன்றின் வரலாற்றை எழுதும் முறை

சேலத்திலோ சேர்வராயன் மலையிலோ ஆங்கிலேயர் காலத்துக் கல்லறைத் தோட்டம் ஒன்றின் வரலாற்றை எழுத முற்படுபவர், அது எந்தச் சபைக்கு உரியதாக இருந்தது என்பதை முதலில் உறுதிசெய்துகொள்ள வேண்டும். வாசலில் காணும் தென்னிந்தியத் திருச்சபை என்ற பெயர் 1947க்குப் பிந்தைய நிலையை மட்டுமே சொல்லும். 1827இல் சேலத்தில் பணி தொடங்கிய லண்டன் மிஷனரி சங்கத்தில் காங்கிரிகேஷனல் சபையாரே (ஒவ்வொரு சபையும் தன்னைத் தானே நிர்வகிக்கும் மரபினர்) மிகுதி என்றாலும், பிரஸ்பிட்டேரியன்களுக்கும் (மூப்பர் குழுக்கள் நிர்வகிக்கும் மரபினர்) அதில் இடம் இருந்தது. இவ்விரு மரபினரும் 1908இல் தென்னிந்திய ஐக்கிய சபையாக இணைந்து, 1947 செப்டம்பர் 27 அன்று ஆங்கிலிக்கன், மெதடிஸ்ட் சபைகளோடு ஒன்றானார்கள். எந்தக் காலத்துப் பதிவேட்டை எந்தப் பெயரில் தேடுவது என்பதை இந்த ஆண்டுகளே முடிவு செய்கின்றன.

போதகரிடம் அனுமதி பெற்றபின், புதர் காய்ந்திருக்கும் மாசி, பங்குனியில் செல்வது நல்லது. ஒவ்வொரு கல்லறைக்கும் எண்ணிட்டு, அளந்து, வரைபடத்தில் குறித்துக்கொள்ளுங்கள். கிறிஸ்தவ மரபில் தலை மேற்கிலும் கால் கிழக்கிலும் அமைவது வழக்கமாதலால், வேறு திசையில் கிடக்கும் கல் இடம் பெயர்க்கப்பட்டிருக்கலாம்.

கல்லைத் தூய்மை செய்வதில்தான் மிகுந்த பொறுமை வேண்டும். கம்பித் தூரிகை, அமிலம், பிளீச்சிங் பவுடர் ஆகியவற்றைத் தொடவே கூடாது. எழுத்துத் தெரியட்டும் என்று சுண்ணக்கட்டியோ மாவோ தேய்ப்பதும் தீங்கே. நூறாண்டு மழைக்கு ஈடுகொடுத்த எழுத்து ஒரு பிற்பகல் ஆர்வத்தால் அழிந்துவிடக்கூடும் என்பதை எண்ணிப் பாருங்கள். வெறும் நீரும் மென்மையான தூரிகையும் போதும். எழுத்து மங்கியிருந்தால், முகம் பார்க்கும் கண்ணாடியால் வெயிலைப் பக்கவாட்டில் திருப்பிக் கல்லின்மேல் சாய்வாக விழச் செய்யுங்கள். பொறிப்பின் நிழல் எழுந்து வாசகம் தெளிவடையும். சேர்வராயன் மலையின் சார்னோக்கைட் பாறை உறுதியானது. சலவைக்கல்லுக்கும் சுண்ணச்சாந்துப் பூச்சுக்கும் அந்த வலிமை இல்லை. (கல்கத்தாவில் கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரி ஜாப் சார்னாக்கின் கல்லறையில் பதித்த கல்லை ஆராய்ந்த நிலவியலாளர் தாமஸ் ஹாலண்ட், 1893இல் சார்னாக்கின் பெயரையே இப்பாறைக்குச் சூட்டினார் என்பது இவ்வேலையில் இறங்குவோர் அறிந்திருக்க வேண்டிய செய்தி.)

வாசகத்தைப் பிழையோடும் வரிப்பிரிவோடும் உள்ளது உள்ளபடியே எழுதுங்கள். 'வயதின் முப்பத்து நான்காம் ஆண்டில்' என்றிருந்தால் நிறைவடைந்த வயது முப்பத்து மூன்றே. ஸ்காட்லாந்துக் கற்களில் மனைவியின் பிறந்த குடும்பப் பெயரைப் பொறிப்பது வழக்கமாதலால், பெண்ணின் பெயர் கணவர் பெயரோடு ஒத்துவராததைக் கொண்டு அவர்கள் தம்பதியர் அல்லர் என்று முடிவு செய்துவிடாதீர்கள். 'கர்த்தருக்குள் நித்திரையடைந்தார்' என்று தொடரும் தமிழ்க் கற்களையும் ஆங்கிலக் கற்களுக்கு இணையான கவனத்தோடு படியெடுக்க வேண்டும். பழைய எழுத்து வடிவங்களைத் திருத்தக் கூடாது.

நினைவுக்கல் இருக்கும் இடமே இறந்த இடம் என்றும் கொள்ளலாகாது. பல்லாவரத்தில் 1863இல் கற்காலக் கருவியைக் கண்டெடுத்த நிலவியலாளர் ராபர்ட் புரூஸ் ஃபூட், ஓய்வுக்குப்பின் ஏற்காட்டில் வாழ்ந்தார்; அங்குள்ள ஹோலி டிரினிட்டி ஆலயத்தில் அவருக்கு நினைவுச்சின்னமும் உண்டு; ஆனால் 1912இல் அவர் இறந்தது கல்கத்தாவில்.

இதன்பின் அடக்கப் பதிவேட்டைக் கல்லோடு ஒப்பிடுங்கள். சென்னை மாகாணத் திருச்சபைப் பதிவுகளின் நகல்கள் லண்டனிலுள்ள பிரிட்டிஷ் நூலகத்தில் 'என்/2' என்ற வரிசையில் உள்ளன. 1905இல் ஜூலியன் ஜேம்ஸ் காட்டன் தொகுத்த கல்லறை வாசகப் பட்டியலும் துணை செய்யும். ஆயினும் லண்டனுக்குச் சென்ற நகல்களில் பெரும்பாலும் ஐரோப்பியரும் ஆங்கிலோ இந்தியருமே இடம்பெற்றார்கள். கல் நாட்ட வசதியில்லாத தமிழ்ச் சபையாரின் பெயர் உள்ளூர்ப் பதிவேட்டில் மட்டுமே எஞ்சியிருக்கக்கூடும். ஆகவே அந்தப் பதிவேட்டைத்தான் முதலில் படம் எடுக்க வேண்டும். 1876 முதல் 1878 வரையிலான பெரும்பஞ்சம் சேலம் மாவட்டத்தைக் கடுமையாகத் தாக்கியதால், அவ்வாண்டுகளின் பக்கங்களை வரிவரியாகப் படியெடுங்கள். எழுதி முடித்ததை மற்றொருவர் கல்லின் முன் நின்று படித்துச் சரிபார்த்தபின், பார்வையிட்ட தேதியைக் குறித்து, ஒரு படியைச் சபை அலுவலகத்தில் ஒப்படையுங்கள்.