புளியங்கொட்டையை வைத்து அஸ்டாடின் நடத்துவது எப்படி?

குடியாத்தம் பக்கத்தில் பன்னிரண்டாம் வகுப்புக்கு வேதியியல் டியூஷன் எடுக்கிறேன். ஹாலஜன் என்ற தனிமக் குடும்பத்தில் ஃப்ளூரினிலிருந்து அயோடின் வரை பிள்ளைகள் மடமடவென்று ஒப்பிப்பார்கள். அடுத்த ஹாலஜனான அஸ்டாடினை மட்டும், 'அணு எண் 85, கதிரியக்கம் உள்ளது' என்று ஒரே வரியில் தாண்டிவிடுவார்கள். அது எனக்குப் பொறுக்காது.

பங்குனியில் புளி அடிக்கும் வீட்டில் கேட்டால் கொட்டை அள்ளித் தருவார்கள். தட்டையாகப் பார்த்து 64 பொறுக்குங்கள். தாயம் ஆடத் தேய்ப்பதுபோல் ஒரு பக்கத்தை மட்டும் சிமெண்டுத் தரையில் வெள்ளை தெரியத் தேய்க்க வேண்டும். விரல் சுடும், ஆளுக்கு எட்டாகப் பிரித்துக் கொடுங்கள்.

ஒவ்வொரு கொட்டையும் ஓர் அஸ்டாடின்-211 அணு. முறத்தில் குலுக்கித் தரையில் கொட்டுங்கள். வெள்ளை மேலே விழுந்தவை சிதைந்துவிட்டன, ஓரம் வையுங்கள். மிச்சத்தை மறுபடி குலுக்குங்கள். ஒரு குலுக்கல் என்பது 7 மணி 12 நிமிடம், அதன் அரைவாழ்காலம், அதாவது பாதி அணுக்கள் சிதைய ஆகும் நேரம். பலகையில் நேரத்தோடு எழுதுங்கள்: காலை 6 மணிக்கு 64, மதியம் 1.12க்கு 32, இரவு 8.24க்கு 16. உங்கள் முறத்தில் 29 வரும், 35 வரும். திருத்தாதீர்கள். எந்தக் கொட்டை விழும் என்று சொல்ல முடியாது, கூட்டமாகப் பார்த்தால்தான் பாதிக்குப் பாதி. நிஜ அணுவும் அப்படித்தான். 10 குலுக்கலில் 3 நாள் ஓடிவிடும். ஆயிரத்தில் ஒன்றுதான் மிஞ்சும்.

அப்புறம் வரலாறு. 1940-இல் பெர்க்லியில் கார்சன், மெக்கென்சி, செக்ரே மூவரும் பிஸ்மத் மீது ஆல்பா துகள்களை மோதவிட்டு இதை உண்டாக்கினார்கள். பிஸ்மத்தின் 83 புரோட்டானும் ஆல்பாவின் 2-உம் சேர்ந்தால் எவ்வளவு என்று பிள்ளைகளையே கூட்டச் சொல்லுங்கள். பெயருக்குக் கிரேக்கத்தில் 'நிலையற்றது' என்று பொருள்.

அட்டவணையில் நிறம் என்ற கட்டத்தைக் காலியாக விடச் சொல்லுங்கள். அயோடினைப் பார்த்து ஊகித்து 'கருப்பு' என்று எழுதுவார்கள். இதை யாரும் கண்ணால் பார்த்ததே இல்லை. கண்ணுக்குத் தெரியும் அளவு சேர்ந்தால், தன் கதிரியக்கச் சூட்டிலேயே ஆவியாகிவிடும்.

"அப்போ இதை ஏன் செய்யணும், மிஸ்?" என்று போன வருஷம் ஒரு பெண் கேட்டாள். அவளுடைய தலைமுடி ஒன்றை வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கச் சொன்னேன். அஸ்டாடின்-211 விடும் ஆல்பா துகள் உடம்புக்குள் ஏறக்குறைய அந்த முடியின் தடிமன் தூரம்தான் போகும். புற்றுநோய் செல்லில் கொண்டுபோய் ஒட்டவைத்தால் அதை அழித்துவிட்டு அங்கேயே நின்றுவிடும். அதற்காகத்தான் ஆராய்ச்சி செய்கிறார்கள் என்றேன். முடியை நோட்டில் ஒட்டி வைத்துக்கொண்டாள்.