நாடுகளின் மனிதவள நடைமுறைகளை ஒப்பிடுகையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஜப்பானியர் விசுவாசம் மிக்கவர், ஜெர்மானியர் ஒழுங்கு மிக்கவர் என்று பண்பாட்டைக் கொண்டே மனிதவள நடைமுறைகளை விளக்கும் கட்டுரைகள் ஏராளம். நிறுவனத்தின் முடிவுகளில் தொழிலாளர் பங்கேற்பைப் பொறுத்தவரை, சட்டத்தைப் பாராமல் பண்பாட்டை மட்டும் பார்ப்பதே பெருந்தவறு என்பேன்.

ஜெர்மனியில் வாக்குரிமையுள்ள நிரந்தரப் பணியாளர் ஐவர் இருந்தாலே, நிறுவனத்துக்குள் பணியாளர் சார்பில் நிர்வாகத்துடன் பேசும் பணியாளர் மன்றத்தைத் தேர்ந்தெடுக்கும் உரிமையைச் சட்டம் அளிக்கிறது. எனினும் மன்றம் தானாக அமைவதில்லை. பணியாளர்களே முன்வர வேண்டும் என்பதால், சிறு நிறுவனங்கள் பலவற்றில் அது இல்லை. அமைந்துவிட்டாலோ அதன் கை வலுவானது: மன்றத்தின் கருத்தைக் கேளாமல் செய்யும் பணிநீக்கம் செல்லாது, மிகைநேர வேலைக்கும் அதன் இசைவு வேண்டும். ஆனால் வேலைநிறுத்தத்துக்கு அழைக்க அதற்கு அதிகாரமில்லை. அது தொழிற்சங்கத்துக்கு உரியது. இவ்விரண்டையும் ஒன்றாகக் கருதுவோர் பலர். 1976-ஆம் ஆண்டுச் சட்டப்படி, 2,000 பேருக்கு மேல் பணிபுரியும் நிறுவனங்களில் நிர்வாகத்தைக் கண்காணிக்கும் மேற்பார்வைக் குழுவில் பாதி இடங்கள் பணியாளர் தரப்புக்கு உரியவை என்பதைக் கொண்டு சம அதிகாரம் என முடிவு கட்டுவதும் பிழை. வாக்குகள் மீண்டும் சமமானால் தலைவருக்கு இரண்டாம் வாக்கு உண்டு. அவர் பெரும்பாலும் பங்குதாரர் தரப்பினர்.

இந்த ஏற்பாட்டை அப்படியே பெயர்த்து வேறு நாட்டில் நடலாம் என்ற எண்ணம் அமெரிக்காவில் சட்டமீறலிலேயே முடியக்கூடும். அங்கே தொழிலாளர் சார்பில் ஊதியம், பணிநிலை பற்றிப் பேசும் அமைப்பை முதலாளியே உருவாக்கி ஆட்டிவைப்பதை 1935-ஆம் ஆண்டுச் சட்டம் தடுக்கிறது. எலக்ட்ரோமேஷன் நிறுவனம் வருகை ஊக்கத்தொகை, ஊதிய உயர்வு போன்றவற்றுக்காக அமைத்த குழுக்கள் சட்டவிரோதமானவை என்று தேசியத் தொழிலாளர் உறவு வாரியம் 1992-இல் தீர்ப்பளித்தது. நிர்வாகம் நல்லெண்ணத்தோடு செய்தது என்பது இங்கே சட்டமீறலுக்குச் சமாதானமாகாது.

ஸ்வீடனில் தனி மன்றம் இல்லாததைக் கண்டு பங்கேற்பே இல்லை என்று எண்ணிவிடக் கூடாது. அங்கே அப்பணியைத் தொழிற்சங்கங்களே செய்கின்றன. முக்கிய மாற்றங்களுக்கு முன்னர், ஊதியம், பணிநிலை பற்றித் தன்னுடன் கூட்டு ஒப்பந்தம் செய்துகொண்ட சங்கத்துடன் நிர்வாகம் தானே முன்வந்து பேச வேண்டும். உடன்பாடு எட்டாவிட்டால், பொதுவாக இறுதி முடிவு நிர்வாகத்தின் கையில்தான்.

சங்க உறுப்பினர் விகிதத்தை மட்டுமே அளவுகோலாகக் கொள்வோர் பிரான்ஸைத் தவறாகப் படிப்பர். அங்கே ஊழியர்களில் ஏறத்தாழ 10 சதவீதத்தினரே உறுப்பினர்கள். கூட்டு ஒப்பந்தங்களோ 90 சதவீதத்துக்கும் மேற்பட்டோரைக் கட்டுப்படுத்துகின்றன. துறை அளவில் எட்டிய ஒப்பந்தத்தை அத்துறை முழுமைக்கும் அரசு நீட்டிப்பதே இதற்கு முதன்மைக் காரணம்.

ஜப்பானின் வாழ்நாள் வேலை என்பதும் முதன்மையாகப் பெருநிறுவனங்களின் நிரந்தர ஊழியர்களைப் பற்றியது. ஊழியர்களில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேலானோர் நிரந்தரமல்லாதோர்.