மஞ்சக்குப்பத்துக்கு மனு எடுத்துப் போகும் முன்

திங்கட்கிழமை காலையில் கடலூர் மஞ்சக்குப்பம் பக்கம் போனால், ஆட்சியர் அலுவலகத்துக்குப் போகிறவர் யார் என்று கையைப் பார்த்தே சொல்லிவிடலாம். துணிக்கடைப் பை, அதற்குள் பிளாஸ்டிக் கவர், கவருக்குள் மடித்து மடித்து மடிப்பே கிழிந்துபோன பத்திர நகல். மக்கள் குறைதீர்க்கும் நாள். திட்டக்குடியிலிருந்தும் காட்டுமன்னார்கோவிலிலிருந்தும் விடியற்காலை பஸ் பிடித்து வந்திருப்பார்கள். "கலெக்டர் கையிலேயே குடுத்தாச்சு, இனிமே முடிஞ்சுடும்" என்று திரும்பும்போது முகத்தில் ஒரு நிம்மதி தெரியும்.

தவறு அந்த நிம்மதியில்தான் இருக்கிறது. மனுவுக்கு எண் போட்டு, பட்டா விவகாரம் என்றால் வட்டாட்சியருக்கு அனுப்புவார்கள். அவர் அறிக்கை கேட்பது வருவாய் ஆய்வாளரிடம். ஆய்வாளர் கேட்பது கிராம நிர்வாக அலுவலரிடம். எந்த வி.ஏ.ஓ.வைத் தாண்டி ஆட்சியரிடம் போனோமோ, அதே வி.ஏ.ஓ. மேசையில் மனு வந்து உட்காரும். இது சதி இல்லை. உங்கள் வயல் எது, யார் அனுபவத்தில் இருக்கிறது என்று சொல்லும் கிராமக் கணக்கு அவரிடம்தான் இருக்கிறது. மேலே போகவே கூடாது என்று நான் சொல்லவில்லை. முதலில் கீழே கொடுங்கள். அப்புறம் மேலே போகும்போது "இந்தத் தேதியில் கொடுத்தேன், இது மனு எண், இன்றுவரை பதில் இல்லை" என்று ஒரு வரி எழுத முடியும். அந்த வரிக்கு இருக்கிற பலம் நாலு பக்கக் கண்ணீருக்குக் கிடையாது.

பாண்டிச்சேரிக்குப் பக்கத்தில் இருப்பவர்களுக்கு இதைச் சொல்வது சுலபம். பிரெஞ்சில் ப்யூரோ என்றால் எழுதும் மேசை. ப்யூரோகிரஸி என்ற சொல்லே 18-ஆம் நூற்றாண்டு பிரான்சில், கேலியாகப் பிறந்தது: மேசையின் ஆட்சி. பின்னால் ஜெர்மானியச் சமூகவியலாளர் மாக்ஸ் வெபர் அதைக் கேலி இல்லாமல் ஆராய்ந்தார். எழுதிய விதி, மேல்-கீழ் வரிசை, கோப்பு, ஆளைப் பார்க்காமல் வேலையைப் பார்ப்பது என்று அதன் குணங்களை அடுக்கினார். நாம் இங்கே எரிச்சல்படுவது அந்தக் கடைசிக் குணத்தில்தான். ஆனால் ஆளைப் பார்த்து வேலை நடந்த காலத்தில் நம்மில் எத்தனை பேருக்கு வேலை நடந்திருக்கும் என்று யோசித்தால் எரிச்சல் கொஞ்சம் குறையும்.

இது தெரியாமல் நானே ஏமாந்திருக்கிறேன். அப்பா இறந்த பிறகு வாரிசுச் சான்று விஷயமாக ஒரு அலுவலகத்துக்கு நடந்தேன். அங்கே இருந்த எழுத்தர் நல்ல மனிதர். உட்காரச் சொன்னார், அப்பாவைப் பற்றி விசாரித்தார், "குடுத்துட்டுப் போங்க தம்பி, நான் பாத்துக்கிறேன்" என்றார். கொடுத்துவிட்டு வந்தேன். ஒப்புகை கேட்கக் கூச்சம். நம்பவில்லை என்று நினைத்துவிடுவாரோ என்று. நகலும் எடுத்து வைக்கவில்லை. மூன்று மாதம் கழித்துப் போனால் அந்த நாற்காலியில் வேறொருவர். பழையவர் மாறுதலில் போயிருந்தார். புதியவர் பதிவேட்டைப் பக்கம் பக்கமாகப் புரட்டினார், பாவம், பொறுமையாகத்தான். என் பெயர் எங்கேயும் இல்லை. அவர் கணக்கில் நான் அந்த அலுவலகத்துக்கு வந்ததே இல்லை. அதிகாரம் ஆளிடம் இல்லை, நாற்காலியில் இருக்கிறது; நாற்காலிக்கோ பதிவேட்டில் ஏறியது மட்டும்தான் ஞாபகம் இருக்கும்.

அதனால் மனு எதுவானாலும் இரண்டு பிரதி. ஒன்றில் அலுவலக முத்திரையும் தேதியும் வாங்கிக்கொள்ளுங்கள். பதில் கடிதம் வந்தால் மேலே 'ந.க.' என்று ஆரம்பித்து, ஓர் எழுத்து, ஓர் எண், சாய்கோடு, இன்னொரு எண், ஆண்டு என்று நீளும். உதாரணத்துக்கு 'அ3' என்றிருந்தால் அ பிரிவில் மூன்றாவது இருக்கை; உங்கள் கோப்பு அந்த மேசையில் இருக்கிறது. "என் மனு என்ன ஆச்சு சார்?" என்று ஹால் நடுவில் நின்று பொதுவாகக் கேட்பதைவிட அந்த மேசைக்குப் போய் எண்ணைச் சொல்வது எவ்வளவோ மேல்.

மனு எழுதும்போதே கோட்டை விடுகிறவர்களும் உண்டு. ஒரே தாளில் பட்டா, தெருவிளக்கு, முதியோர் உதவித்தொகை மூன்றையும் எழுதினால் அது எந்தத் துறைக்குப் போகும்? ஒரு துறை தன் பங்குக்குப் பதில் சொல்லி முடித்துவிடும், மற்ற இரண்டும் அப்படியே கிடக்கும். அதேபோல "எங்கள் பாட்டனார் காலத்திலிருந்து" என்று தொடங்கி ஒன்றரைப் பக்கம் போகும், புல எண் எங்கேயும் வராது. கடலூரின் செயின்ட் டேவிட் கோட்டையை 1690-இல் வாங்கிய இங்கிலீஷ் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு இந்தத் தொல்லை இருக்கவில்லை. பீரங்கியைச் சுட்டு, குண்டு விழுந்த தூரம் வரை எனது என்று எடுத்துக்கொண்டது. இங்கே இருக்கிற குண்டு உப்பலவாடி, குண்டு சாலை என்ற பெயர்கள் அந்த வழியில் வந்தவைதான். நமக்குப் பீரங்கி இல்லை. கிராமம், புல எண், உட்பிரிவு எண், பட்டா எண், என்ன வேண்டும் என்று ஒரு வாக்கியம், அவ்வளவு போதும்.

பெயர் விஷயம். ஆதாரில் ஒரு இனிஷியல், பத்திரத்தில் ஒன்று, பட்டாவில் 'வகையறா'. உங்களுக்கு மூன்றும் ஒரே ஆள். கோப்புக்கு மூன்று ஆள். விண்ணப்பிக்கும் முன் சரி செய்யுங்கள்.

எல்லையிலும் கவனம் வேண்டும். கன்னியகோவில், பாகூர் பக்கம் ஒரே குடும்பத்துக்கு ஒரு நிலம் கடலூர் மாவட்டத்தில், இன்னொன்று புதுச்சேரியில் இருப்பது சாதாரணம். வாய்க்கால் ஒன்றாக இருக்கலாம், சர்க்கார் இரண்டு. தகவல் உரிமைச் சட்டத்தில்கூட இந்த வித்தியாசம் வரும்: தமிழ்நாட்டு அலுவலகம் என்றால் இரண்டாம் மேல்முறையீடு சென்னையில் இருக்கும் மாநிலத் தகவல் ஆணையத்துக்கு, புதுச்சேரி யூனியன் பிரதேசம் என்பதால் அங்குள்ளவை டெல்லியில் இருக்கும் மத்தியத் தகவல் ஆணையத்துக்கு.

தகவல் உரிமை என்றதும் நினைவுக்கு வருகிறது. 2005-இல் வந்த அந்தச் சட்டத்தைப் பலர் மனுவாகவே பயன்படுத்துகிறார்கள். "ஏன் எனக்குப் பட்டா தரவில்லை?" என்று கேட்டால், ஆவணத்தில் இருப்பதைத்தான் தர முடியும் என்று பதில் வரும். "இன்ன தேதியிட்ட என் மனு மீது தேதிவாரியாக எடுத்த நடவடிக்கை, குறிப்புக் கோப்பின் நகல்" என்று கேளுங்கள். 10 ரூபாய்க் கட்டணம், 30 நாள் கெடு. கோப்பு எந்த மேசையில் எத்தனை நாள் தூங்கியது என்று அதில் தெரிந்துவிடும்.

தரகர் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் ஊழல் தடுப்புச் சட்டத்தின் 2018 திருத்தத்துக்குப் பிறகு லஞ்சம் கொடுப்பதும் குற்றம். வற்புறுத்தலால் கொடுத்தவர் 7 நாளுக்குள் புகார் சொன்னால்தான் தப்பலாம். "எல்லாரும்தான் குடுக்கறாங்க" என்பது அங்கே செல்லாது.

வட்டாட்சியர் உத்தரவே தப்பாக வந்துவிட்டால், மறுபடி அவருக்கே மனு மேல் மனு போடுவது வீண். பட்டா விஷயத்தில் மேல்முறையீடு கோட்டாட்சியரிடம், அதற்கும் மேல் மாவட்ட வருவாய் அலுவலரிடம். உத்தரவின் நகலை உடனே வாங்குங்கள், கெடு ஓடிக்கொண்டிருக்கும்.

பட்டாவில் சின்னப் பிழை என்றால், கிராமக் கணக்குகளை ஆண்டுதோறும் சரிபார்க்கும் ஜமாபந்தியை விடாதீர்கள். வருவாய்த் துறைக் கணக்குக்கான பசலி ஆண்டு ஜூன் 30-இல் முடிவதால் பெரும்பாலும் மே, ஜூனில் தாலுகா அலுவலகத்தில் நடக்கும். உங்கள் கிராமத்துக்கு என்று ஒரு நாள் குறித்திருப்பார்கள். அன்றைக்குக் கிராமக் கணக்கு மேசை மேல் விரிந்திருக்கும், வி.ஏ.ஓ. பக்கத்தில் நிற்பார், தீர்மானிக்கிற அதிகாரி எதிரில் இருப்பார். மற்ற நாளில் மூன்று மேசை ஏறி இறங்கும் வேலை அன்று ஒரே மேசையில். பழைய மனுவின் முத்திரை போட்ட பிரதியை மறக்காமல் எடுத்துக்கொண்டு போங்கள்.