நிலக்கரிச் சுரங்கத்தை அடுத்த விளைநிலம்: கன உலோகச் சோதனையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

நிலக்கரிச் சுரங்கத்தை ஒட்டிய ஒரு வயலின் மண் பரிசோதனை அறிக்கையில் 'காட்மியம்: கிலோவுக்கு 0.5 மில்லிகிராம்' என்று இருப்பதாக வைத்துக்கொள்வோம். இது கவலைப்பட வேண்டிய அளவா? விளைநிலங்களுக்காகச் சீனா 2018-இல் வெளியிட்ட தரநிலையைக் கொண்டு பார்த்தால், வயல் நெல் வயலாகவும் மண்ணின் பிஎச் அளவு (அமிலத்தன்மையைக் காட்டும் எண்; 7 நடுநிலை, அதற்குக் கீழே அமிலம்) 6 ஆகவும் இருக்கும்போது முதற்கட்ட வரம்பு 0.4, ஆகவே இந்த மண் வரம்பைத் தாண்டியிருக்கிறது. அதே நெல் வயலின் பிஎச் 7 என்றால் வரம்பு 0.6, தாண்டவில்லை. பிஎச் 7 உள்ள புன்செய் என்றால் வரம்பு 0.3, மறுபடியும் தாண்டிவிடுகிறது. பிஎச் அளவையும் பயிரையும் குறிப்பிடாத அறிக்கை பாதி அறிக்கைதான். முதற்கட்ட வரம்பைத் தாண்டிய மண்ணையெல்லாம் உடனே 'நஞ்சாகிவிட்டது' என்று சொல்வதும் தவறு. பயிரையும் சேர்த்துச் சோதித்துப் பார்க்க வேண்டும் என்பதே அந்த வரம்பின் பொருள். உணவுப் பயிரை நிறுத்துவது பற்றி யோசிக்க வேண்டிய வரம்பு தனியாக உண்டு. பிஎச் 6 உள்ள மண்ணில் அது கிலோவுக்கு 2 மில்லிகிராம்.

எண்ணை அது வந்த வயலிலிருந்து பிரித்துப் படிப்பதுதான் இந்தத் துறையில் நடக்கும் தவறுகளில் பெரும்பாலானவற்றுக்கு வேர். ஆனால் அதற்கு முன்பே, கண்ணால் பார்த்து முடிவு கட்டும் இடத்தில் ஒரு தவறு நிகழ்ந்துவிடுகிறது. நிலக்கரியிலும் அதைச் சூழ்ந்த பாறைகளிலும் பைரைட் என்னும் இரும்புக் கந்தகக் கனிமம் கலந்திருக்கும். தோண்டி வெளியே கொட்டியதும் காற்றும் நீரும் பட்டு அது கந்தக அமிலமாக மாறத் தொடங்குகிறது. இரும்பை ஆக்சிஜனேற்றம் செய்து வாழும் நுண்ணுயிரிகள் அந்த வேலையைப் பன்மடங்கு விரைவுபடுத்துகின்றன. அந்த அமிலம் பாறையிலுள்ள துத்தநாகம், நிக்கல், காட்மியம் போன்றவற்றைக் கரைத்துக்கொண்டு வாய்க்காலுக்கு வருகிறது. வாய்க்கால் செம்மஞ்சள் நிறமாக ஓடினால் எல்லோரும் அஞ்சுகிறார்கள். தெளிவாக ஓடினால் நிம்மதி அடைகிறார்கள். உண்மை பல நேரங்களில் இதற்கு நேர்மாறானது. பிஎச் மூன்றுக்குக் கீழே இருக்கும்போது இரும்பு பெரும்பாலும் கரைந்த நிலையிலேயே இருப்பதால், மிக மோசமான சுரங்க நீர் கண்ணாடிபோலத் தெளிவாகத் தெரியக்கூடும். வேறு ஓடை நீர் கலந்து அமிலத்தன்மை தணிந்த பிறகுதான் இரும்பு வீழ்படிவாகி, ஆர்சனிக்கையும் ஈயத்தையும் தன்மேல் பற்றிக்கொண்டு, அந்த ஆரஞ்சுச் சேறாக அடியில் தங்குகிறது. அந்தச் சேற்றைத் தூர்வாரி, வண்டல்தானே என்று வயலில் பரப்பினால், தண்ணீர் தன் போக்கில் கீழே இறக்கிவிட்ட உலோகத்தை நாமே அள்ளி வயலுக்குள் சேர்த்தவர்கள் ஆவோம்.

பிஎச் தாளை நனைத்துப் பார்த்து, நிறம் நடுநிலையைக் காட்டியதும் சோதனையை முடித்துக்கொள்வதும் போதாது. சுண்ணாம்புப் பாறை மிகுந்த இடங்களில் சுரங்க நீர் நடுநிலையாகவே வெளிவரும்; ஆயினும் துத்தநாகமும் நிக்கலும் மாங்கனீசும் அதில் கரைந்திருக்க இடமுண்டு.

தண்ணீர் மட்டும்தான் வழி என்று எண்ணிவிடவும் கூடாது. நிலக்கரி ஏற்றிச் செல்லும் சாலையின் தூசி, கழிவுப் பாறைக் குவியல்கள் உள்ளுக்குள் தாமாகவே கனன்று எரியும்போது ஆவியாகும் பாதரசம், அருகில் அனல்மின் நிலையம் இருந்தால் அதன் சாம்பல் என்று காற்றுவழியும் உண்டு. சுரங்கத்தை மையமாக வைத்து ஒன்று, இரண்டு, மூன்று கிலோமீட்டர் என்று வட்டங்கள் வரைந்து, தொலைவு கூடக்கூட மாசு குறையும் என்று கொள்வது காகிதத்தில்தான் அழகாக இருக்கும். மாசு காற்றின் திசையிலும் வாய்க்காலின் போக்கிலும் லாரி செல்லும் பாதையிலும் நீள்கிறது. ஆகவே மாதிரி எடுக்கும் இடங்களும் அவற்றைப் பின்தொடர வேண்டும்.

மாதிரி எடுப்பதைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனெனில் இங்கே கெட்டது எந்த ஆய்வகத்திலும் சரியாகாது. வயலின் பல இடங்களில் உழவடுக்கின் ஆழம் வரை, அதாவது சுமார் 20 சென்டிமீட்டர் வரை, மண் எடுத்துக் கலந்து, கால்பகுப்பு முறையில் (நான்காகப் பிரித்து எதிரெதிர்ப் பகுதிகளை மட்டும் வைத்துக்கொண்டு) குறைத்து ஒரு மாதிரியாக்குவது வழக்கம். உரத் தேவையை அறிய இது போதும். மாசை அறியும்போது இதே பழக்கம் நம்மை ஏமாற்றும். வாய்க்கால் நீரோடு வரும் நுண்சேறு, நீர் வயலுக்குள் நுழைந்து வேகம் தணியும் வாய்மடையிலேயே பெரும்பகுதி படிந்துவிடுகிறது. வாய்மடை மண்ணையும் வயலின் மறுகோடி மண்ணையும் ஒன்றாகக் கலந்தால், மிகவும் மாசுபட்ட சில சென்ட் நிலம் சராசரிக்குள் மறைந்துபோகும். இரண்டையும் தனித்தனிப் பைகளில் எடுப்பதற்கு ஆகும் கூடுதல் உழைப்பு மிகக் குறைவு. உழாத தோப்பு, மேய்ச்சல் நிலம் போன்றவற்றிலோ காற்றில் வந்த தூசி மேலே சில சென்டிமீட்டரிலேயே தங்கியிருக்கும். அங்கே 20 சென்டிமீட்டர் தோண்டுவது, மாசுபட்ட மேற்பரப்பை அடியிலுள்ள நல்ல மண்ணால் நீர்க்கச் செய்வதாகும்.

கருவிகளும் பொய் சொல்லும். துத்தநாகம் பூசிய இரும்பு வாளியில் மண்ணைக் கலந்தவர், பிறகு அறிக்கையில் துத்தநாகம் கூடியிருப்பதைக் கண்டு சுரங்கத்தைக் குறைகூறுவதில் பொருளில்லை. அந்தப் பூச்சில் சிறிதளவு காட்மியமும் இருக்கக்கூடும். பித்தளைச் சல்லடை செம்பையும் துத்தநாகத்தையும் சேர்க்கும். பிளாஸ்டிக் வாளியும் மர அகப்பையும் நைலான் சல்லடையும் போதும். மண்வெட்டியால்தான் வெட்ட முடியும் என்றால், வெட்டிய முகத்தில் இரும்பு பட்ட மண்ணை மரத்துண்டால் சீவி எறிந்துவிட்டு உள்மண்ணை எடுக்கலாம்.

ஆய்வக முடிவுகளை ஒப்பிடும்போது கவனிக்க வேண்டியது, மண்ணை எந்த அமிலத்தில் கரைத்தார்கள் என்பது. இராஜ திராவகம் (நைட்ரிக், ஹைட்ரோகுளோரிக் அமிலங்களின் கலவை) சிலிக்கேட் கனிமங்களை முழுதாகக் கரைப்பதில்லை. ஹைட்ரோஃபுளோரிக் அமிலம் கரைத்துவிடும். குரோமியம் போன்றவற்றில் இந்த வேறுபாடு பெரிது. போன ஆண்டு ஒரு முறையிலும் இந்த ஆண்டு வேறு முறையிலும் சோதித்துவிட்டு மாசு கூடிவிட்டது என்பது ஒப்பீடே அல்ல. பயிர்களில் இதைவிடப் பெரிய குழப்பம் ஒன்று நேர்கிறது: ஆய்வகம் உலர் எடையில் தரும் எண்ணை, ஈர எடைக்கு வகுக்கப்பட்ட உணவு வரம்போடு வைத்துப் பார்ப்பது. உணவுத் தரங்களுக்கான பன்னாட்டு அமைப்பான கோடெக்ஸ், கீரை வகைகளுக்கு நிர்ணயித்துள்ள காட்மிய வரம்பு ஈர எடையில் கிலோவுக்கு 0.2 மில்லிகிராம். நூற்றுக்குத் தொண்ணூறு பங்கு நீருள்ள ஒரு கீரையில் உலர் எடைக் கணக்கில் 1 மில்லிகிராம் இருந்தால், ஈர எடையில் அது 0.1 தான். இந்த ஒரு கணக்குத் தவறு, வரம்புக்குள் இருக்கும் கீரையை ஐந்து மடங்கு மீறியதாகக் காட்டிவிடும்.

அடுத்தது, எதோடு ஒப்பிடுவது என்னும் சிக்கல். புவியின் கண்ட மேலோட்டின் மேற்பகுதியில் சராசரியாகக் காட்மியம் கிலோவுக்கு 0.09 மில்லிகிராம், ஆர்சனிக் 4.8, ஈயம் 17 என்று மதிப்பிடுகிறார்கள். இவற்றையே 'இயற்கை அளவு' என்று எடுத்துக்கொண்டால், கரிமம் செறிந்த கரும் களிப்பாறையிலிருந்து உருவான மண் எதுவும் சுரங்கமே இல்லாத இடத்திலும் மாசுபட்டதாகவே தோன்றும். அதே தாய்ப்பாறையில் பிறந்து, சுரங்க நீரும் தூசியும் எட்டாத இடத்தின் மண்ணோடு ஒப்பிடுவதே நேர்மை. குறியீட்டு எண்களிலும் எச்சரிக்கை வேண்டும். சுவீடன் ஆய்வாளர் ஹகான்சன் 1980-இல் வகுத்த சூழலிடர்க் குறியீடு ஏரிப் படிவுகளுக்காக உருவானது; அதில் பாதரசத்துக்கு 40, காட்மியத்துக்கு 30, துத்தநாகத்துக்கு 1 என்று நச்சு எடைகள் உண்டு. அதை வயல் மண்ணுக்குப் பொருத்தி 'மிக உயர்ந்த இடர்' என்று எழுதும்போது, அந்த முடிவின் பெரும்பங்கு எடைகளிலிருந்து வந்ததா மண்ணிலிருந்து வந்ததா என்று கேட்டுப் பார்ப்பவர்கள் குறைவு.

மாசின் மூலத்தைக் கண்டறிவதிலும் இரு தரப்பும் தவறுகின்றன. பாஸ்பேட் உரத்தில் காட்மியம் உண்டு. ஐரோப்பிய ஒன்றியம் 2022 முதல் அதற்கு வரம்பு வைத்திருக்கிறது. பண்ணை விலங்குகளின் எருவோடு செம்பும் துத்தநாகமும் வரலாம். எனவே எல்லாப் பழியையும் சுரங்கத்தின் மேல் போட முடியாது. அதேபோல் உரத்தைக் காட்டிச் சுரங்கம் தப்பிக்கவும் முடியாது. புள்ளியியல் முறைகள் எந்தெந்த உலோகங்கள் சேர்ந்தே கூடிக் குறைகின்றன என்பதை மட்டுமே சொல்லும். அந்தக் கூட்டத்துக்குச் 'சுரங்கம்' என்று பெயரிடுவது ஆய்வாளர்தான். ஈயத்தின் ஐசோடோப்பு விகிதங்களை, அதாவது எடையில் மட்டும் வேறுபடும் ஈய அணு வகைகளின் விகிதங்களை, சோதிப்பது இங்கே ஓரளவு கைகொடுக்கும்.

மண் அமிலமாகிவிட்டது, சுண்ணாம்பு இட்டால் சரியாகிவிடும் என்பது சரிபாதி உண்மை என்பதால் ஆபத்தான அறிவுரை. பிஎச் உயர்ந்தால் காட்மியமும் துத்தநாகமும் மண்ணில் கட்டுண்டு பயிருக்குக் கிடைப்பது குறையும். ஆர்சனிக் அப்படியல்ல, மண் காரத்தன்மை பெறும்போது அது இரும்பு ஆக்சைடின் பிடியிலிருந்து விடுபட்டுக் கரைசலுக்கு வருகிறது. இரண்டும் உள்ள வயலில் ஒன்றைக் கட்டினால் மற்றொன்று அவிழும்.

நெல் வயலில் இந்த முரண் இன்னும் கூர்மையாகத் தெரியும். வயலில் நீர் தேங்கி நின்றால் மண்ணில் உயிர்வளி தீர்ந்து, காட்மியம் கந்தகத்தோடு சேர்ந்து கரையாத பொருளாகிவிடும். ஆனால் அதே நிலையில் இரும்பு ஆக்சைடு கரைந்து, அது பிடித்து வைத்திருந்த ஆர்சனிக் வேருக்குக் கிடைக்கும். நீரை வடித்தால் ஆர்சனிக் அடங்கும், காட்மியம் எழும். கதிர் வந்த பிறகு வயலைக் காயப்போடும் சில வாரங்களே மணியில் காட்மியம் ஏறுவதற்கு ஏற்ற காலம். தீட்டிய அரிசிக்குக் கோடெக்ஸ் வரம்பு கிலோவுக்குக் காட்மியம் 0.4, கனிம ஆர்சனிக் 0.2 மில்லிகிராம். எது இந்த வயலின் சிக்கல் என்று தெரியாமலே 'நீரைக் கட்டு' என்றோ 'காயவிடு' என்றோ சொல்வது, மருந்தின் பெயர் பாராமல் ஊட்டுவதற்கு ஒப்பாகும்.

தாவரங்களை வளர்த்தே மண்ணைத் தூய்மையாக்கிவிடலாம் என்ற நம்பிக்கைக்கு ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஒரு ஹெக்டேரில் 20 சென்டிமீட்டர் ஆழ மண் சுமார் 2,600 டன். அதில் காட்மியத்தைக் கிலோவுக்கு 1 மில்லிகிராம் குறைக்க, மொத்தம் 2.6 கிலோ காட்மியத்தை வெளியேற்ற வேண்டும். ஆண்டுக்கு 10 டன் உலர் பொருள் தரும் ஒரு பயிரின் ஒவ்வொரு கிலோவிலும் 10 மில்லிகிராம் காட்மியம் இருந்தால், ஆண்டுக்கு 100 கிராம் வெளியேறும். ஆக, 26 ஆண்டுகள். மண்ணில் அளவு குறையக் குறையப் பயிர் எடுப்பதும் குறைவதால் காலம் இன்னும் நீளும். ஆர்சனிக்கை மிகுதியாக ஈர்க்கும் பெரணி ஒன்று 2001-இல் அறியப்பட்டது உண்மைதான். ஆனால் அறுத்த தழையை எங்கே போடுவது என்று முடிவு செய்யாமல் அதை நட்டு, பிறகு வரப்போரம் குவித்து வைத்தால், உலோகம் இடம் மாறியதே தவிர ஊரைவிட்டுப் போகவில்லை.

ஜப்பானின் ஜின்ட்சு ஆற்றுப் படுகையில் மாசு நிலக்கரியிலிருந்து வரவில்லை, ஈய-துத்தநாகச் சுரங்கத்திலிருந்து வந்தது. ஆனால் விளைநிலத்துக்கு நேர்ந்தது இதே வகைக் கேடுதான். காட்மியம் ஏறிய அரிசியால் வந்த இத்தாய்-இத்தாய் நோயை அரசு 1968-இல் மாசால் வந்த நோயென்று ஏற்றது. வயல்களைச் சீரமைக்கும் பணி 1979-இல் தொடங்கி, 2012-இல்தான் நிறைவடைந்தது. அங்கே கையாண்ட வழி, மாசுபட்ட மண்ணை அடியில் இட்டு மேலே நல்ல மண்ணைப் பரப்புவது.

அவ்வளவு தூரம் போக முடியாத இடங்களில் சுண்ணாம்பும் தொழு உரமும்தான் கைவசம் இருக்கும். அவை உலோகத்தை அகற்றுவதில்லை, கட்டிவைக்கின்றன. அந்தக் கட்டு நிலையானதும் அல்ல. மண்ணில் கலந்துள்ள கரித்துண்டுகளிலும் பாறைச் சில்லுகளிலும் மிச்சமுள்ள பைரைட் தொடர்ந்து அமிலத்தை விட்டுக்கொண்டிருக்கும். இட்ட சுண்ணாம்பு தீர்ந்ததும் பிஎச் மெல்ல இறங்கும், காட்மியம் மறுபடி கரையும். சுண்ணாம்பு இட்ட ஆண்டின் அறிக்கையைச் சில ஆண்டுகள் கழித்தும் சான்றாகக் காட்டுவது இதனால்தான் செல்லாது. அந்த வயலில் ஆண்டுதோறும் பிஎச் அளவும், அறுவடைதோறும் வாய்மடைப் பக்கத்து மணியில் உள்ள காட்மியமும் ஆர்சனிக்கும் பார்க்கப்பட வேண்டும்.